பெயர் திரும்பி வருகிறது. சிறிய கார் எங்கே?

கார் சந்தையில் பழைய பெயர்களுக்கு இது மறுபிறவிக் காலம். 1991-இல் அறிமுகமாகி, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்துபோன ‘சியரா’ என்ற பெயரை, 2025 நவம்பரில் டாடா நிறுவனம் புதிய வாகனம் ஒன்றுக்குச் சூட்டியது. அதற்கு முன்பு 2021-இல் ‘சஃபாரி’, 2018-இல் ஹூண்டாயின் ‘சான்ட்ரோ’, 2015-இல் மாருதியின் ‘பலேனோ’ ஆகிய பெயர்கள் இவ்வாறே மீண்டன. ‘அம்பாசிடர் மறுபடியும் வருகிறது’ என்ற செய்தி சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்குகிறது. அப்போதெல்லாம் நடுத்தர வயதைக் கடந்தவர்களின் பேச்சில் ஹெரால்டும் பியட்டும் பத்மினியும் சிறிது நேரம் ஓடி நிற்கின்றன.

இந்த ஏக்கம் இயல்பானது. ஏளனத்துக்கு உரியதும் அல்ல. ஆனால், ஒரு காரின் பெயர் திரும்பி வரும்போது உண்மையில் எது திரும்பி வருகிறது என்ற கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை. பெயரா, பொருளா, அந்தப் பொருள் நம் வாழ்க்கைக்கு அளித்த வசதியா? விடை தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. சென்னையின் மேற்குப் புறநகரிலேயே அதற்கான சான்று இருக்கிறது.

திருவள்ளூரில் ஒரு முரண்

திருநின்றவூரில் அரக்கோணம் செல்லும் புறநகர் ரயிலில் ஏறினால், வேப்பம்பட்டு, செவ்வாப்பேட்டை, புட்லூர் ஆகியவற்றைக் கடந்து நான்காவது நிலையம் திருவள்ளூர். அம்பாசிடரைத் தயாரித்த ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், 1998-இல் திருவள்ளூர் ஆலையில் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்துடன் இணைந்து ‘லான்சர்’ கார்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அம்பாசிடரின் தாய்வீடு மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா. அங்கே 2014 மே மாதம் உற்பத்தி நின்றது.

2017 தொடக்கத்தில் இரண்டு உடன்பாடுகள் அடுத்தடுத்து வெளியாயின. பிரான்ஸின் பியூஜோ நிறுவனத்தைத் தலைமையாகக் கொண்ட குழுமம், சி.கே. பிர்லா குழுமத்துடன் கூட்டுச் சேர்ந்து தமிழ்நாட்டில் கார் தயாரிக்க முன்வந்தது. அதே காலத்தில், ‘அம்பாசிடர்’ என்ற வணிகப் பெயரை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ரூ.80 கோடிக்கு பியூஜோவுக்கு விற்றது. கூட்டு முயற்சியின் விளைவாகத் திருவள்ளூர் ஆலையில் 2021 முதல் சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. பியூஜோவும் சிட்ரோயனும் இன்று ஸ்டெல்லான்டிஸ் என்ற ஒரே பெருங்குழுமத்தின் உறுப்புகள்.

அம்பாசிடர் என்ற பெயரை விலைகொடுத்து வாங்கிய குழுமம், அம்பாசிடரை உருவாக்கிய நிறுவனத்தின் பழைய ஆலையிலேயே கார் தயாரிக்கிறது. ஆனால், அங்கிருந்து வெளிவரும் கார்களின் பெயர்கள் ‘சி3’, ‘பசால்ட்’ என்று இருக்கின்றன. பெயர் இருக்கிறது, ஆலையும் இருக்கிறது, அம்பாசிடர்தான் இல்லை. இது யாருடைய குற்றமும் அல்ல. ஒரு காரின் பெயரும் காரும் வெவ்வேறு சொத்துகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடைப்பது அரிது.

பெயர் என்னும் சொத்து

சட்டத்தின் பார்வையில் காரின் பெயர் ஒரு வணிகக் குறி. 1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி, பதிவு ஒருமுறைக்குப் பத்தாண்டுகள் செல்லும். கட்டணம் செலுத்தி எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பித்துக்கொள்ளலாம். வீடு, நிலம் போலவே அதை விற்கலாம், வாடகைக்கு விடுவதுபோல் பிறர் பயன்படுத்த உரிமம் அளிக்கலாம். 2022-இல் ‘கான்டெஸா’ என்ற பெயரையும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வேறொரு நிறுவனத்துக்கு விற்றது. ஆனால், நிலத்துக்கு இல்லாத ஒரு நிபந்தனை பெயருக்கு உண்டு. பதிவுசெய்த குறியை ஐந்தாண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பயன்படுத்தாமல் வைத்திருந்தால், அதைப் பதிவேட்டிலிருந்து நீக்குமாறு பாதிக்கப்பட்ட வேறொருவர் விண்ணப்பிக்க வழி இருக்கிறது. பயன்படாத பெயரை என்றென்றைக்கும் பூட்டிவைக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள்.

நிறுவனங்கள் ஏன் பழைய பெயரை நாடுகின்றன? புதிய பெயர் ஒன்றை மக்கள் மனத்தில் பதியவைக்கப் பெரும் விளம்பரச் செலவும் பல ஆண்டுகளும் தேவை. பழைய பெயருக்கு அந்த வேலை முன்பே முடிந்துவிட்டது. ‘எங்கள் அப்பா வைத்திருந்த வண்டி’ என்ற ஒரு சொற்றொடருக்கு ஈடான விளம்பர வாசகத்தை எந்த நிறுவனமும் எழுதிவிட முடியாது. மேலும், இளமையில் ஒரு காரை வேடிக்கை பார்த்த தலைமுறைக்கு, அதை வாங்கும் வசதி நாற்பது, ஐம்பது வயதில்தான் வாய்க்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பெயர்கள் இப்போது மீள்வதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரூ.80 கோடி என்பது வெறும் ஒரு சொல்லுக்கான விலை அல்ல. அந்தச் சொல்லின் மேல் இரண்டு, மூன்று தலைமுறைகள் ஏற்றிவைத்த நம்பிக்கையின் விலை. மழை வெள்ளத்தில் இழுத்துச் சென்ற ஓட்டுநர்களும், பாதி வழியில் நின்ற வண்டியைக் கம்பித் துண்டைக் கொண்டு ஓடவைத்த மெக்கானிக்குகளும், ஒரே காரில் திருமணக் கூட்டத்தையே ஏற்றிச் சென்ற குடும்பங்களும் சேர்ந்து உருவாக்கிய மதிப்பு அது. பத்திரத்தில் கையெழுத்திடுபவர் நிறுவனத்தார். மதிப்பைச் சேர்த்தவர்களோ பயனாளர்கள்.

பெயர்களைக் காத்த ஊர்

பிறந்த நாட்டில் மறைந்த வாகனப் பெயர்களை வாழவைத்ததில் சென்னைக்குத் தனி வரலாறு உண்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் கூட்டுறவுடன், 1948-இல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொடங்கப்பட்டது. அதன் ஆலை வண்டலூரில் இயங்கியது. பிற்காலத்தில் ‘ஸ்டாண்டர்டு’ என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் ‘அடிப்படை வசதி மட்டும் உள்ளது’ என்ற பொருள் மேலோங்கிவிட்டதால், இங்கிலாந்தில் 1963-இல் அந்தப் பெயரையே கைவிட்டார்கள். சென்னையிலோ 1980-களின் பிற்பகுதி வரை அந்தப் பெயரில் வாகனங்கள் தயாராயின. தாய்நாட்டில் மதிப்பிழந்த சொல் இங்கே கால் நூற்றாண்டு கூடுதலாக வாழ்ந்தது.

அந்த ஆலையின் புகழ்பெற்ற கார் ‘ஸ்டாண்டர்டு ஹெரால்டு’. 1959-இல் இங்கிலாந்தில் ‘டிரையம்ப் ஹெரால்டு’ என்று பிறந்த அதன் உடலமைப்பை வரைந்தவர், இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி. 948 சி.சி. இன்ஜின், ஏறக்குறைய 3.9 மீட்டர் நீளம். குறுகலான தெருவிலும் எளிதாகத் திரும்பும் திறன். இரு பக்கச் சக்கர மூடிகளையும் சேர்த்து முன்பகுதி முழுவதும் ஒரே பாகமாக முன்னோக்கிச் சாயும். தூக்கிவிட்டால் இன்ஜினும் முன்சக்கர அமைப்பும் கண்ணெதிரே இருக்கும். முன் டயரின் மேல் உட்கார்ந்துகொண்டே பழுது பார்க்கலாம். 1961 முதல் இங்கே தயாரான அந்த மாடல், இந்தியத் தேவைக்கேற்ப நான்கு கதவுகளையும் பின்னர் பெற்றது. 1972-இல் பின் அச்சின் அமைப்பை மாற்றி ‘கசெல்’ என்ற புதிய பெயரில் அது வெளிவந்தது.

அதே நிறுவனத்தின் கடைசி முயற்சி இன்றைய கதைக்கு நேர்மாறானது. 1985-இல் வெளிவந்த ‘ஸ்டாண்டர்டு 2000’, இங்கிலாந்தின் ரோவர் காரின் நவீன உடலைத் தாங்கிவந்தது. உள்ளே இருந்ததோ, ‘வேன்கார்டு’ காலத்து வடிவமைப்பிலிருந்து வந்த பழைய இன்ஜின். புதிய தோற்றத்துக்குள் பழைய பொருளை வைத்த அந்தக் காரைச் சந்தை ஏற்கவில்லை. ஓரிரு ஆண்டுகளில் உற்பத்தியும் நின்றது. தோற்றம் ஒரு வாக்குறுதி அளித்தது. பொருள் அதைக் காப்பாற்றவில்லை.

வடசென்னையின் திருவொற்றியூர் கண்டது மற்றொரு வரலாறு. 1955-இல் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா அங்கே ‘புல்லட்’ மோட்டார் சைக்கிளைத் தயாரித்தது. இங்கிலாந்தில் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. 1990-களில் ஐஷர் குழுமத்தின் வசமான அந்த நிறுவனம் இன்று பல நாடுகளில் வண்டி விற்கிறது. புல்லட் என்ற பெயரை யாரும் மீட்டெடுக்கவில்லை. அது அறுந்துபோகவே இல்லை. வண்டியும், அதை வாங்குவோரும், பழுது பார்ப்போரும் இடைவிடாமல் இருந்ததால் பெயரும் இருந்தது.

மனத்தில் கட்டிய கார்

அந்நாளில் சென்னையின் மேற்குப் பகுதி, கார்களின் உள்ளுறுப்புகளைச் செய்யும் இடமாக வளர்ந்தது. பாடியில் 1960-களின் தொடக்கத்திலேயே சக்கரங்களுக்கு வீல்ஸ் இந்தியா, மின் கருவிகளுக்கு லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்குகளுக்கு பிரேக்ஸ் இந்தியா என ஆலைகள் அடுத்தடுத்து எழுந்தன. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் அவற்றைச் சுற்றிப் பெருகின. ஆவடி, பட்டாபிராம், திருநின்றவூர் பகுதிகளிலிருந்து ரயிலிலும் சைக்கிளிலும் வேலைக்குப் போனவர்கள் காரின் உறுப்புகளைச் செய்தார்கள். காரை வாங்கும் நிலையில் அவர்களுள் பெரும்பாலோர் இல்லை.

காரணம் வெளிப்படை. உரிமமும் ஒதுக்கீடும் ஆண்ட காலம் அது. நாடு முழுவதற்கும் கொல்கத்தா, மும்பை, சென்னை நகரங்களைச் சார்ந்து மூன்றே கார் நிறுவனங்கள். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே, ஹெரால்டையும் பத்மினியையும் நினைத்து இன்று நெகிழ்பவர்களில் பலர், அவற்றின் உரிமையாளராக இருந்தவர்கள் அல்லர். எதிர் வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்தவர்கள். உறவினர் திருமணத்துக்கு ஒருமுறை ஏறிச் சென்றவர்கள்.

திருநின்றவூருக்கு இந்த மனநிலையை விளக்கத் தேவையில்லை. கோயில் கட்டப் பொருள் இல்லாத பூசலார், மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய ஊர் அது. அவர் குறித்த அதே நாளில் காஞ்சியில் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்த பல்லவ மன்னனின் கனவில் இறைவன் தோன்றி, நாளை மாற்றிக்கொள்ளச் சொன்னதாகப் பெரியபுராணம் கூறுகிறது. அந்தக் கதையில் நாம் பெரும்பாலும் கவனிக்கத் தவறும் ஒரு நுட்பம் உண்டு. பூசலார் வெறும் பெயரை நினைத்துக்கொண்டு இருந்துவிடவில்லை. மனத்தளவிலும் பொருள் தேடி, தச்சரை அமைத்து, நல்ல நாள் பார்த்து, அடித்தளத்திலிருந்து சிகரம்வரை முறைப்படி கட்டினார். நினைவு என்றாலும் அதற்கு உள்ளடக்கம் இருந்தது.

பழைய கார்களைப் பற்றிய நினைவுக்கும் உள்ளடக்கம் உண்டு. ‘கொஞ்சம் சேமித்தால் ஒருநாள் நாமும் வாங்கலாம், வாங்கினால் தெருமுனைப் பட்டறையிலேயே சரிசெய்துகொள்ளலாம்’ என்பதே அது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800, அந்த நம்பிக்கையைக் கையெட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. 796 சி.சி. இன்ஜினும் ஏறக்குறைய 3.3 மீட்டர் நீளமும் கொண்ட அந்தக் கார், தொடக்கத்தில் ஏறக்குறைய ரூ.50,000-க்கு விற்றது. மனத்தில் இருந்த கார் முதன்முறையாக நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கு வந்தது அப்போதுதான்.

பெயரால் மட்டும் ஓடுமா?

மீண்டுவந்த பெயர்களின் அனுபவம் என்ன சொல்கிறது? சான்ட்ரோவை எடுத்துக்கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில், 1998-இல் ஹூண்டாய் நிறுவனத்துக்கு இந்தியாவில் கால் ஊன்றித் தந்த கார் அது. 2014-இல் நிறுத்தப்பட்டு, 2018 அக்டோபரில் புதிய வடிவில் ஏறக்குறைய ரூ.3.9 லட்சம் தொடக்க விலையில் மீண்டது. இவ்வளவு அன்புக்குரிய பெயர் இருந்தும் நான்கு ஆண்டுகளுக்குள், 2022-இல் அதன் உற்பத்தி நின்றது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம் கொண்டுவந்த சிறிய மாடல், எஸ்.யு.வி. தோற்றம் கொண்ட ‘எக்ஸ்டர்’.

பலேனோவின் கதை இதற்கு எதிரானது. 1999-இல் வந்த முதல் பலேனோ, பின்பெட்டி கொண்ட செடான். விற்பனையில் பெரிதாகச் சோபிக்காமலே விடைபெற்றது. அந்தப் பெயரின் மேல் யாருக்கும் பெரிய ஏக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால், 2015-இல் அதே பெயருடன் வந்த ஹேட்ச்பேக், நாட்டில் அதிகம் விற்கும் கார்களுள் ஒன்றானது. அன்பு நிறைந்த பெயர் தோற்றது. சுமாரான பெயர் வென்றது. வாங்குபவர் பெயரைப் பார்த்துக் காட்சியகத்துக்கு வரலாம். பணம் கொடுப்பதோ பொருளுக்குத்தான்.

2021 சஃபாரி மூன்றாவது வகை. முதலில் ‘கிராவிடாஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வைக்கப்பட்ட வாகனம், விற்பனைக்கு வரும்போது சஃபாரி ஆனது. முன்பே உருவான பொருளுக்குப் பின்னர் சூட்டிய பெயர் அது. அதில் தவறில்லை. ஆனால், பெயர் எவ்வளவு எளிதில் கழற்றி மாட்டக்கூடியது என்பதை அது காட்டுகிறது.

வெளிநாட்டு அனுபவமும் ஒரு செய்தி சொல்கிறது. 1959-இல் வந்த பிரிட்டிஷ் ‘மினி’யின் நீளம் ஏறக்குறைய 3.05 மீட்டர். பி.எம்.டபிள்யு. நிறுவனம் 2001-இல் அந்தப் பெயரை மீட்டபோது நீளம் 3.6 மீட்டரானது. சிக்கனத்தின் அடையாளமாகப் பிறந்த பெயர், நாகரிக அடையாளமாக, கூடுதல் விலையில் திரும்பியது. பழைய பெயர்கள் பெரும்பாலும் உயரமாகவும், அகலமாகவும், விலை உயர்ந்தும்தான் திரும்பி வருகின்றன.

சுருங்கும் சிறிய கார்

நம் கவலைக்கு உரிய இடம் இதுதான். 2006-ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,200 சி.சி.-க்கு மிகாத பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களைச் ‘சிறிய கார்’ என்று வரையறுத்து உற்பத்தி வரியைக் குறைத்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அத்தகைய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹெரால்டு சிறிய கார். பத்மினியும் சிறிய கார். மாருதி 800 மிகச் சிறிய கார். 4.3 மீட்டர் நீளமுள்ள அம்பாசிடர் மட்டுமே அந்த வரம்புக்கு வெளியே நிற்கும்.

மீண்டுவரும் பெயர்களோ இந்த வரம்பைத் தாண்டுவதில் ஆர்வம் காட்டுகின்றன. புதிய சியரா நான்கு மீட்டரைக் கடந்தது. 2025-இல் அறிமுகமானபோது அதன் தொடக்க விலை ரூ.11.49 லட்சம். இன்று விற்கும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை எஸ்.யு.வி. போன்ற பயன்பாட்டு வாகனங்களே. மாருதி 800-இன் எண்ணைப் பெயரில் தாங்கிய ‘ஆல்டோ 800’-உம் 2023-இல் விடைபெற்றது.

இதற்கு நிறுவனங்களின் லாப நோக்கம் மட்டும் காரணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பழைய கார்கள் காற்றை மாசுபடுத்தின. விபத்தில் பயணிகளைக் காக்கும் ஏற்பாடு அவற்றில் மிகக் குறைவு. ‘பாரத் நிலை-4’ மாசு விதிகள் 2010-இல் சென்னை உள்ளிட்ட 13 நகரங்களில் நடைமுறைக்கு வந்தபோது, மாருதி 800-இன் விற்பனை அந்நகரங்களில் நின்றது. 2020-இல் வந்த ‘பாரத் நிலை-6’ விதிகளும், காற்றுப்பை போன்ற பாதுகாப்பு ஏற்பாடுகளும் விலையைக் கூட்டின. அவை கூட்டியது விலையை மட்டுமல்ல, உயிருக்கான உறுதியையும்தான். ஹெரால்டை அப்படியே திரும்பக் கொண்டுவாருங்கள் என்று கேட்பது ஏக்கத்தின் குரலாக இருக்கலாம். அறிவின் குரலாக இருக்க முடியாது.

திரும்பக் கேட்கத் தகுந்தது வேறொன்று. இருசக்கர வாகனத்தில் கணவன், மனைவி, இரு குழந்தைகள் என நெருக்கியடித்துச் செல்லும் குடும்பம் சி.டி.எச். சாலையில் இன்றும் அரிய காட்சி அல்ல. அந்தக் குடும்பத்துக்குப் பாதுகாப்பான நான்கு சக்கரங்களை எட்டும் விலையில் தருவதே பழைய சிறிய காரின் வாக்குறுதியாக இருந்தது. வரிக் குறைப்பு அதற்கு ஓரளவு உதவும். ஆனால், வரம்புக்குள் அடங்கும் கார்களை நிறுவனங்கள் தொடர்ந்து வடிவமைத்தால்தான் சலுகைக்குப் பொருள் இருக்கும்.

பழுதுபார்ப்பதும் அந்த வாக்குறுதியின் பகுதியே. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்து மாட்டிய மெக்கானிக்கால், இன்றைய காரின் மின்னணுக் கட்டுப்பாட்டை அதற்கென்று உள்ள மென்பொருள் இல்லாமல் திறந்துபார்க்க முடியாது. புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடித்த உதிரிபாகத்தைப் பொருத்தி ஓட்டிய காலமும் மாறிவருகிறது. 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’க்காகத் தொடங்கிய இணையதளத்தில் வாகனத் துறையும் இடம்பெற்றுள்ளது. பழுதுபார்ப்புக் கையேடும் உதிரிபாக விவரமும் வெளிப்படையாகக் கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அது தன்னார்வ ஏற்பாடு என்ற நிலையிலிருந்து சட்ட உரிமையாக வலுப்பெற்றால், எந்தப் பழைய பெயரும் செய்ய முடியாத உதவியைச் சிறிய கார் வைத்திருப்போருக்குச் செய்யும்.

வாங்குவோர் கேட்க வேண்டியவை

அடுத்த முறை ஒரு பழைய பெயர் திரும்பி வரும்போது மூன்று கேள்விகளைக் கேட்கலாம். முதலாவது: அந்தப் பெயர் முன்பு எந்த வருமானப் பிரிவினருக்கு எட்டியதோ, இப்போதும் அவர்களுக்கு எட்டுகிறதா? இரண்டாவது: உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு, நிறுவனத்தின் சேவை மையத்துக்கு வெளியே அதைச் சரிசெய்துகொள்ள முடியுமா? மூன்றாவது: பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தாலும், கொடுக்கும் பணத்துக்கு அந்தக் கார் தகுமா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால், அது உண்மையான மீட்சி. மூன்றாவதற்கு மட்டும் ‘ஆம்’ என்றால் அது நல்ல புதிய கார், அவ்வளவே. வாங்கலாம், ஆனால் ஏக்கத்துக்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை. எதற்குமே ‘ஆம்’ இல்லையெனில், நம் நினைவை நமக்கே விற்கிறார்கள் என்று பொருள்.

அம்பாசிடர் என்ற பெயர் ஒருநாள் திருவள்ளூரிலிருந்தோ வேறிடத்திலிருந்தோ மின்சார வாகனமாகத் திரும்பி வரக்கூடும். வந்தால் வரவேற்போம். பாடியிலும் அம்பத்தூரிலும் அறுபது ஆண்டுகளாக வாகன உறுப்புகளைச் செய்துவரும் கைகள் அதையும் செய்யும். ஆனால், அதைச் செய்யும் தொழிலாளியால் அதை வாங்க முடியுமா என்பதை வைத்தே அந்தப் பெயரின் மதிப்பை அளக்க வேண்டும்.